ஒரு தாள் கனம்

காலண்டர் சீசன் முடிஞ்சு இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது ஆல்பம் வந்ததுன்னா அதுலருந்து மார்கழி வரைக்கும் சிவகாசியில் பிரஸ்காரனுக்குத் தூக்கம் அரைத் தூக்கம்தான். ஆமத்தூர்லருந்து தினமும் போய்வர்ற எனக்கு அந்த அரையிலும் பாதி பஸ்ஸிலேயே போயிடும். அதனால்தான் இத்தனை நாளா எதுவும் எழுதலை. இப்ப எழுதுறதும் ஒரு குற்ற உணர்ச்சியில்தான். விஷயம் துப்பாக்கி பற்றியது. பயப்படாதீங்க, ஏர் ரைபிள்தான்.

என்கிட்ட ஒரு .177 ஏர் ரைபிள் இருக்கு. ஸ்பிரிங் வெச்சது. பீப்பாயை மடக்கி ஒரு குண்டு போட்டுச் சுடுற வகை. ஊருக்கு வெளியே எங்க கரிசல் காட்டில், கம்மாக் கரையை ஒட்டி மணல் மூட்டை அடுக்கி, 25 மீட்டரில் அட்டையை ஒட்டி வெச்சு ஞாயித்துக்கிழமை காலையில் சுடுவோம். "சுடுவோம்"னா நானும் என் அக்கா பையனும். பதினாலு வயசு. போன வருஷம் ஆசைப்பட்டு அதுக்கு ஒரு ஸ்கோப் வாங்கி மாட்டினேன். அன்னைக்குப் பிடிச்சது சனியன்.

நான் முதல்ல உட்கார்ந்து சுட்டா ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள விழும். அப்புறம் மாப்ளகிட்ட கொடுப்பேன். அவன் சுட்டா இரண்டு அங்குலம் தள்ளி விழும். திருகைத் திருப்பிச் சரிபண்ணிக் கொடுத்தா மறுபடி வேற பக்கம் போகும். நாலு வாரம் இதே கதை. "கை நடுங்குதுடா", "மூச்சைப் பிடிக்கத் தெரியலை", "விசையைப் பிடுங்குற"ன்னு எனக்குத் தெரிஞ்ச வாத்தியார்த்தனம் எல்லாம் காட்டினேன். அஞ்சாவது வாரம், "உனக்கு இது வராது மாப்ள, விடு"ன்னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை. துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். "படிக்கணும் மாமா"ன்னான். படிக்கிற பையனா அவன்!

இது நடந்து கொஞ்ச நாள் கழிச்சு பிரஸ்ல ஒரு சாமி படம் ஓடிக்கிட்டிருந்தது. நாலு கலர். முருகனுக்கு இரண்டு உதடு. ரிஜிஸ்டர் சேரலை. புதுசா வந்த பையன் ஒருத்தன் தாள் அடுக்கிக்கிட்டிருந்தான், எல்லாரும் அவனைத்தான் திட்டினோம். எங்க மிஷின்மேன் அண்ணாச்சி மட்டும் திட்டலை. மிஷினை நிறுத்தச் சொல்லி, குனிஞ்சு பிளேட்டைப் பார்த்துட்டுச் சொன்னார்: "தாளும் நல்லாத்தான் இருக்கு, மையும் நல்லாத்தான் இருக்கு தம்பி. பிளேட்டைக் கடிச்சுப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் ஒரு ஓரம் தூக்கியிருக்கு. அதுக்கு அந்தப் பயல் என்ன செய்வான்?"

பிரஸ்ல வேலை பார்க்காதவங்களுக்காக ஒரு வார்த்தை. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காருதான்னு பார்க்க, தாளின் ஓரத்தில் ஒரு அடையாளம் அச்சாகும். ஒரு சின்ன வட்டம், நடுவுல கூட்டல் குறி. நாலு கலரின் கூட்டல் குறியும் ஒரே கோடாத் தெரிஞ்சா வேலை சரி. அன்னைக்கு லென்ஸை வெச்சு அந்தக் குறியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வட்டம், அதுக்குள்ள குறுக்குக்கோடு. இது என் ஸ்கோப்புக்குள்ள தெரியுற அதே படம் ஆச்சே!

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்கோப்பை இரண்டு வளையம் பிடிச்சிருக்கு. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். ஒரு வளையம் மட்டும் 0.1 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. 25 மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குன்னா 2.5 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 0.1 மில்லிமீட்டர்னா எவ்வளவு? நாம ஜெராக்ஸ் எடுக்கிற சாதாரணத் தாள் ஒண்ணோட கனம். ஒரு தாள் கனத்துக்காக அந்தப் பயலைப் போட்டுத் திட்டியிருக்கேன்.

இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் வந்ததா, இல்ல பெரிய பெரிய ஆளுங்களுக்கும் வந்திருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா கதை தஞ்சாவூர்ல போய் நிக்குது.

அதுக்கு முன்னாடி அந்தக் குறுக்குக்கோடு எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். தொலைநோக்கி கண்டுபிடிச்ச புதுசுல அது வெறும் பார்க்கிற சாமான்தான். குறி பார்க்கிற சாமான் இல்லை. 1640க்குக் கொஞ்சம் முன்னாடி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின்னு ஒரு இளைஞர். அவர் தொலைநோக்கிக்குள்ள ஒரு சிலந்தி நூல் கட்டிடுச்சாம். உள்ளே பார்த்தா நூலும் தெரியுது, தூரத்துப் பொருளும் தெரியுது, இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவா. லென்ஸ் ஒளியைக் குவிக்கிற அந்த இடத்தில் ஒரு நூல் இருந்தா அது பிம்பத்தின் மேலேயே வரைஞ்ச மாதிரி தெரியும்னு அவருக்கு உறைச்சது. அதுதான் ஸ்கோப்பின் பிறப்பு. மனுஷன் 1644ல் மார்ஸ்டன் மூர் சண்டையில் செத்துப்போனார். அவருக்கு அப்புறம் ரொம்ப காலம் அந்த நூல் துப்பாக்கிக்காரங்க கைக்கு வரலை. வானம் பார்க்கிறவங்களும் நிலம் அளக்கிறவங்களும்தான் வெச்சிருந்தாங்க. கருவிகளில் நிஜமாகவே சிலந்தி நூலைத்தான் ஒட்டினாங்க. அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு உறுதி.

குறுக்குக்கோடு வந்ததும் கூடவே ஒரு தலைவலியும் வந்தது. அதுவரைக்கும் தொலைநோக்கி எப்படி ஆடினாலும் கவலையில்லை. இப்ப அது எதன்மேல உட்கார்ந்திருக்குன்னு பார்த்தாகணும். நூல் காட்டுற கோடும், கருவி திரும்புற அச்சும், கோணம் படிக்கிற வட்டமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். துப்பாக்கியில் இதே உறவு ஸ்கோப்புக்கும் பீப்பாய்க்கும். கண்ணாடி எவ்வளவு உசத்தியானாலும் உட்கார்ற இடம் கோணலானால் அது கோணலைத்தான் தெளிவாக் காட்டும்.

இப்ப தஞ்சாவூர். வில்லியம் லாம்டன். 33ஆவது காலாட்படையில் அதிகாரி. 1799ல் திப்பு சுல்தானோடு நடந்த கடைசிப் போரில் ஒரு ராத்திரி, தன் படை எதிரியை விட்டு விலகிப் போறதா நினைச்சுக்கிட்டு எதிரியை நோக்கியே நடந்துக்கிட்டிருக்குன்னு நட்சத்திரத்தைப் பார்த்துச் சொன்னவர். திசை பிசகுறதைப் பொறுக்க முடியாத ஆள்னு வெச்சுக்கலாம். அவர்தான் இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளக்கிற மாபெரும் வேலையை ஆரம்பிச்சார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடிச்சு முதல் கோடு அளந்தார். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசா கொண்டுபோன சாமான்களில் ஒண்ணு, அங்கே போணியாகாம இந்தியாவுக்கு வந்தது.

கோணம் அளக்க லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட் வந்தது. அதன் கிடைவட்டம் மூணு அடி விட்டம். மொத்த எடை அரை டன். வர்ற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடிச்சு மொரீஷியசுக்குக் கொண்டுபோயிட்டாங்க. பிறகு இது அறிவியல் கருவின்னு தெரிஞ்சு மரியாதையா அனுப்பி வெச்சாங்க. எதிரியே பத்திரமா அனுப்பின கருவிக்கு, நம்ம ஊர்க் கயிறு கெடுதல் பண்ணிடுச்சு.

1808. தஞ்சாவூர்ச் சீமை முழுக்கச் சமவெளி, தென்னையும் பனையும். மலை கிடையாது. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்தைப் பார்க்கணும்னா உயரம் வேணும். நம்ம ஊர்ல உயரம்னா கோபுரம். லாம்டன் கோபுரங்களையே நிலையங்களா வெச்சுக்கிட்டு வந்தார். பெரிய கோயில் விமானத்தை விட நல்ல இடம் ஏது? அரை டன் கருவியைப் பெட்டியோடு கயிறு கட்டி மேலே ஏத்துறாங்க. பாதியில் ஒரு கயிறு அறுந்துபோச்சு. பெட்டி ஊசலாடி விமானச் சுவரில் மோதியது. பெட்டி நொறுங்கியது. அடி சரியா எங்கே விழுந்ததுன்னா, வட்டத்தை மயிரிழை மயிரிழையாத் திருப்புற திருகு இருக்கிற இடத்தில். அந்தப் பக்கமே வட்டம் நெளிஞ்சுபோச்சு. ஆரக்கால்களும் வளைஞ்சன.

எவ்வளவு நெளிஞ்சா கெட்டதுன்னு இங்கேயும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் ஆரம் ஒன்றரை அடி, அதாவது சுமார் 457 மில்லிமீட்டர். அதன் விளிம்பில் ஒரு வினாடிக் கோணம்னா 0.002 மில்லிமீட்டர்தான் வரும். என் ஜெராக்ஸ் தாளின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைத்தான் அவங்க மைக்ரோஸ்கோப் வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு வினாடி தப்பினால் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குறி கால் மீட்டர் நகர்ந்துடும். அந்த மாதிரி வட்டம் கண்ணுக்குத் தெரியுற அளவு நெளிஞ்சு நிக்குது. இன்னொண்ணு வேணும்னா லண்டனிலிருந்து வரணும். எழுதி, செய்து, கப்பலில் வர வருஷக்கணக்கு. வேற யாரா இருந்தாலும் அத்தோடு கடையைக் கட்டியிருப்பாங்க.

லாம்டன் என்ன செய்தார்னு, அவருக்கு அப்புறம் அந்த வேலைக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதி வெச்சிருக்கார். ஆமாம், சிகரத்துக்குப் பேர் வெச்சாங்களே, அதே எவரெஸ்ட்தான். லாம்டன் தன் ஆட்களுக்கு லீவு கொடுத்துட்டு ஒரு கூடாரத்துக்குள்ள போய் உட்கார்ந்தார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. வட்டத்தைச் சட்டத்திலிருந்து தனியாக் கழற்றினார். ஒரு பெரிய தட்டையான பலகையில், வட்டம் எந்த அளவு இருக்கணுமோ சரியா அந்த அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். அதுக்குள்ள நெளிஞ்ச விளிம்பை வெச்சு, ஆப்பு, திருகு, கப்பி இதெல்லாம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்து அந்தப் பலகை வட்டத்தோடு பொருந்துற வரைக்கும் கொண்டுவந்தார். வளைஞ்ச ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். ஏறக்குறைய பழைய உருவத்துக்கே வந்துடுச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. இரும்புச் சுத்தியல் எடுக்கலை பாருங்க, மரச்சுத்தியல். கெட்டதை அதன் இடத்திலேயே வெச்சுச் சரிபண்ணலை, கழற்றித் தனியா எடுத்து, நேரானதுன்னு தனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணோட பக்கத்தில் வெச்சுப் பார்த்தார். இன்னொண்ணு, கயிறு பிடிச்சவன் யாருன்னு எவனையும் பலி போட்டதா நான் படிச்ச வரைக்கும் எங்கேயும் இல்லை.

சரி, நிமிர்த்தின வட்டத்தை எப்படி நம்புறது? கொஞ்சம் கோணல் மிச்சம் இருக்கத்தானே செய்யும்? அதுக்கும் அளவைக்காரங்ககிட்ட வழி உண்டு. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு இடத்தில் படிப்பாங்க. மையம் கொஞ்சம் தள்ளி இருந்தால் ஒரு பக்கம் கூடுறது எதிர்ப்பக்கம் குறையும், சராசரியில் அடிபட்டுப்போகும். ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதியில் வெச்சுத் திரும்பத் திரும்ப எடுப்பாங்க. தொலைநோக்கியைத் தலைகீழாப் புரட்டிப்போட்டு அதே குறியை மறுபடி பார்ப்பாங்க. நூல் நடுவில் இல்லைன்னா புரட்டினதும் அந்தப் பிசகு எதிர்ப்பக்கம் போய் நிக்கும், உடனே தெரிஞ்சுடும். கருவி பொய் சொல்லுதான்னு கருவியை வெச்சே கண்டுபிடிக்கிற வித்தை இது. இதை மனசில் வெச்சுக்கோங்க, என் ஸ்கோப்புக்கு வர்றப்ப வேணும்.

1809ல் அந்த அளவு வேலை நம்ம மதுரை, திருநெல்வேலிச் சீமையைத் தாண்டிக் குமரி வரைக்கும் போயிடுச்சு. நிமிர்த்தின அந்த வட்டத்தை லாம்டன் கைவிடலை. 1823ல் மராட்டியப் பகுதியில் ஹிங்கன்காட்டில் வேலையின் நடுவிலேயே காலமானார். அப்புறம் எவரெஸ்ட் கைக்குப் போய், 1830களில் ஹென்றி பாரோன்னு இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்த கருவி நிபுணர் அதைப் புதுப்பிச்சுக் கொடுத்தார்.

பாரோவுக்கு அப்புறம் வந்தவர்தான் நமக்கு முக்கியம். சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். நம்ம ஆற்காட்டுக்காரர். சென்னையிலிருந்து அவரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போனவர் வாலண்டைன் பிளாக்கர், அப்போதைய சர்வேயர் ஜெனரல். பாரோ விலகின பிறகு, 1843ல் அளவைத் துறையின் கணிதக் கருவி செய்பவர் பதவி மொஹ்சின் ஹுசைனுக்கு வந்தது. வெள்ளைக்காரங்க இருந்த நாற்காலி அது. யாரையும் லேசில் பாராட்டாத எவரெஸ்ட்டே சிபாரிசு பண்ணினார். இமயத்தை அளந்த காலத்துக் கருவிகளுக்கெல்லாம் ஆற்காட்டுக் கை பட்டிருக்குன்னு நினைச்சா, சிகரத்துக்கு வெச்ச பேர் மேல லேசா ஒரு வருத்தம் வரத்தான் செய்யுது :-)

இப்ப துப்பாக்கிக்கு வர்றேன். இதிலும் இந்தியாவிலிருந்துதான் ஒரு நூல் போகுது. டேவிட் டேவிட்சன்னு பம்பாய்ப் படையில் ஒரு அதிகாரி. வேட்டைப் பைத்தியம். துப்பாக்கிமேல தொலைநோக்கி கட்டுற யோசனையில் ரொம்ப காலம் மெனக்கெட்டவர். 1860களில் அவர் பேரிலேயே டேவிட்சன் ஸ்கோப் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்திப் படையின் குறிசுடுநர்கள் சிலர் விட்வொர்த் துப்பாக்கியோடு இதைப் பயன்படுத்தினாங்க. அந்தத் துப்பாக்கியின் பீப்பாய் உள்பக்கம் அறுகோணம். ஸ்கோப்பைத் துப்பாக்கி மேலே மாட்டலை, இடப்பக்கம் மாட்டியிருந்தார். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் கண்ணில் இடிக்கும். கண்ணைச் சுத்திக் கறுத்துப்போய்த் திரிஞ்சவங்க உண்டு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்கிறதையெல்லாம் மனுஷன் இப்படி அடிபட்டுத்தான் படிச்சிருக்கான்.

இடப்பக்கம் மாட்டுற அந்தப் பழக்கம் 1915ல் வேற ரூபத்தில் திரும்பி வந்தது, இந்த முறை உயிர்ச் சேதத்தோடு.

முதல் உலகப் போர், பிரான்ஸ், பதுங்குகுழிகள். ஜெர்மன்காரர்கள் தங்கள் நாட்டு வேட்டைக்காரர்களிடமிருந்த ஸ்கோப் துப்பாக்கிகளைத் திரட்டி முன்வரிசைக்கு அனுப்பிட்டாங்க. பிரிட்டிஷ் பக்கம், அதில் நம்ம இந்தியப் படைகளும் இருந்தன, தலையைத் தூக்கினவன் பிழைக்கலை. அவசர அவசரமா இங்கிலாந்திலிருந்து ஸ்கோப் மாட்டின துப்பாக்கிகள் வந்தன. ஆனா அவங்க துப்பாக்கியில் ஐந்து குண்டு கோத்த கிளிப்பை மேல்பக்கமிருந்துதான் அழுத்தணும். மேலே ஸ்கோப் இருந்தா கிளிப் இறங்காது. அதனால ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டினாங்க. மேசையில் உட்கார்ந்து பார்த்தா சரியாத்தான் தெரியும். களத்தில்? சுடுறவன் ஒளிஞ்சிருக்கிறது ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால். தகட்டில் ஒரு சின்ன ஓட்டை. பீப்பாயை ஓட்டையில் விட்டா, பக்கத்தில் இருக்கிற ஸ்கோப்புக்கு முன்னால் தெரியுறது வெறும் இரும்பு!

இதைக் கண்டு கொதிச்சவர் ஹெஸ்கெத் பிரிச்சர்ட். 1876ல் ஜான்சியில் பிறந்தவர். ஹாம்ப்ஷயர் அணியின் வேகப்பந்து வீச்சாளர், வேட்டைக்காரர், எழுத்தாளர். பத்திரிகையாளர்களை முன்வரிசைக்கு அழைச்சுப்போய்க் காட்டுற வேலைக்குத்தான் பிரான்ஸ் போனார். போன இடத்தில் படைப்பிரிவு படைப்பிரிவா நடந்து, இருக்கிற ஸ்கோப் துப்பாக்கிகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொண்ணாச் சுட்டுப் பார்த்தார். ஏகப்பட்டது தாறுமாறா இருந்தது. பதுங்குகுழியில் சுவரில் சாத்தி வெச்சது, லாரியில் உருண்டது, திருகு தளர்ந்தது. அதை வெச்சிருந்தவனுக்கு ஸ்கோப்பைப் பத்தி யாரும் ஒரு நாள்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் ஒழுங்காக் குறி பார்க்கிறான், குறுக்குக்கோடு சரியா இலக்கில் நிக்குது, குண்டு மட்டும் வேற எங்கேயோ போகுது. 25 மீட்டர் அட்டைன்னா ஓட்டை எங்கே விழுந்ததுன்னு போய்ப் பார்த்துடலாம். அங்கே யார் போய்ப் பார்க்கிறது? பட்டுதுன்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பான். எதிரில் இருக்கிறவனுக்கு அந்தச் சத்தம் போதும், இவன் எங்கே இருக்கான்னு தெரிஞ்சுக்க.

பிரிச்சர்ட் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். ஆளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி துப்பாக்கியைச் சோதிக்கணும். சோதிச்சுச் சரிபண்ணினதை அப்புறம் ஒருத்தனே வெச்சிருக்கணும், கை மாறக்கூடாது. அடிக்கடி மறுபடி சோதிக்கணும். 1916ல் லிங்கெம்கிற கிராமத்தில் முதலாம் படைக்கான குறிசுடும் பள்ளியைத் தொடங்கி இதையே பாடமா வெச்சார். 1920ல் தன் அனுபவத்தைப் புத்தகமா எழுதினார். 1922ல், 45 வயசில் இறந்துபோனார்.

அவர் துப்பாக்கிகளைச் சோதிச்ச கதையைப் படிச்சுக்கிட்டிருந்தப்பதான் சுருக்குன்னு ஒண்ணு தைச்சது. நான் எப்பவும் முதல்ல சுடுவேன். மாப்ள எப்பவும் எனக்கு அப்புறம்தான். மாமாவாச்சே, மரியாதை!

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் மட்டும் போனேன். இருபது குண்டு நானே தொடர்ந்து சுட்டேன். முதல் ஐந்து ஒரு ரூபாய்க் காசு. அடுத்த ஐந்து அரை அங்குலம் நகர்ந்தது. பதினஞ்சாவதுக்குள்ள மாப்ள சுட்ட அதே இடத்துக்கு நானும் போய்ச் சேர்ந்துட்டேன். கை நடுங்கினது யாருக்கு?

வீட்டுக்கு வந்து கழற்றினேன். ஏர் ரைபிள் சின்னதுதானே, உதைக்கவா போகுதுன்னு நினைப்போம். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு பக்கமும் உதைக்கும். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முன்முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெட்டும். மேலே இருக்கிற ஸ்கோப்புக்கு அந்த முன்வெட்டு பழக்கமே இல்லை. துப்பாக்கி முன்னால் போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிக்கப் பார்க்கும். ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாப் பின்னால் நகரும். என் ஸ்கோப் நகர்ந்திருந்தது. வளையத்தை மாட்டுற தண்டவாளத்தில் பளபளன்னு ஒரு கீறல், ஸ்கோப் குழாயிலும் ஒண்ணு. முன் வளையத்தில் ஒரு திருகை இறுக்கின அளவுக்கு இன்னொண்ணை நான் இறுக்கலை. பிளேட் கிளாம்ப் மாதிரியே ஒரு ஓரம் தூக்கல்.

லாம்டன் மாதிரி கூடாரம் போடலை, மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். ஒரு செருப்பு டப்பாவின் இரண்டு பக்கமும் சமமா வெட்டு விட்டு, ஸ்கோப்பை அதில் படுக்க வெச்சேன். எதிர்ச் சுவரில் பிரஸ்லருந்து கொண்டுவந்த தாளின் ரிஜிஸ்டர் குறியை ஒட்டினேன். ஸ்கோப்பை அந்த வெட்டிலேயே உருட்டிக்கிட்டே பார்த்தேன். குறுக்குக்கோட்டின் மையம் ஒரே இடத்தில் நிக்காம வட்டம் போட்டுச்சு. புரட்டிப்போட்டுப் பார்க்கிற அதே சோதனைதான். மாப்ளையைத் திட்டுற ஒவ்வொரு தடவையும் நான் திருகைத் திருப்பித் திருப்பிக் கோட்டை நடுவைவிட்டு எங்கேயோ கொண்டுபோயிருந்தேன். வட்டம் சின்னதாகிச் சின்னதாகி, உருட்டினாலும் கோடு அசையாத வரைக்கும் திருகைச் சரிபண்ணினேன்.

அப்புறம் தண்டவாளத்திலும் வளையத்திலும் இருந்த எண்ணெயைத் துடைச்சேன். எண்ணெய் போட்டது நான்தான், துருப்பிடிக்கக்கூடாதுன்னு. பின்னால் நகராம இருக்க, ஒரு சின்ன முளை வெச்ச ஒரே துண்டான மவுண்ட் வாங்கினேன். துப்பாக்கித் தண்டவாளத்தில் இருக்கிற குழியில் அந்த முளை போய் உட்கார்ந்துக்கும். திருகுகளைக் கார் சக்கரத்து நட்டு மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, இரண்டு பக்கத்து இடைவெளியும் சமமா வர்ற வரைக்கும் இறுக்கினேன். மாட்டிச் சுட்டா எல்லாம் அழகாச் சேர்ந்து விழுது, ஆனா இலக்குக்கு ஒரு அங்குலம் கீழே. மறுபடி திருகில் கை வைக்கலை. பின் வளையத்துக்கு அடியில் ஒரு தாள் துண்டு வெச்சேன். பின்பக்கம் உயர்ந்தா குண்டு மேலே ஏறும். ஏறினது. கடைசியில் தாளை எடுத்துட்டு, அதே கனத்தில் பழைய பிலிம் துண்டு வெட்டி வெச்சேன். தாள் மழைக்கு ஊறும்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து செல்போன் நோண்டிக்கிட்டிருந்தான். கழற்றின பழைய வளையத்தையும், கீறல் விழுந்த இடத்தை எடுத்த போட்டோவையும் காட்டினேன். "தப்பு உன்மேல இல்ல மாப்ள. நான் சரியா மாட்டலை"ன்னேன். வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப முதல்ல சுடுறவன் நல்லாச் சுடுவான், அவ்வளவுதானா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். "நாலு வாரமா உங்களுக்கு அது தோணலையா மாமா?"

தோணலைதான்.

இப்ப ஞாயித்துக்கிழமைகளில் அவன்தான் முதல்ல உட்கார்றான். ஸ்கோப் குழாயிலும் வளையத்திலும் சேர்த்து அக்காவோட நகப்பாலிஷில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து வெச்சிருக்கான். நகர்ந்தா கோடு இரண்டாப் பிரிஞ்சு தெரியும். ஐந்து குண்டுக்கு ஒரு தடவை குனிஞ்சு அதைப் பார்த்துட்டுத்தான் துப்பாக்கியை என் கையில் தர்றான்.